சானல்கரையின் முப்பத்து நான்கு வீடுகள்

எல்லைக்கோட்டுக்கு நீளம் உண்டு, அகலம் கிடையாது என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். அதை நம்பி நான் ஓர் அங்கன்வாடி ஆசிரியையின் வேலைக்கு உலை வைத்தேன். கொதிப்பதற்குள் இறக்க முடிந்ததற்குக் காரணம் அவருடைய பிடிவாதம். என் புண்ணியம் அதில் கொஞ்சம்தான்.

புள்ளியியல் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் அனுபவம் எழுதித் தரச் சொன்னீர்கள். முப்பத்தோரு வருடமும் நான்கு மாதமும் பணி செய்திருக்கிறேன். எழுத நிறைய உண்டு. ஆனால் மற்றவையெல்லாம் நான் சரியாகச் செய்தவை. அவற்றால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. அதனால் இதை மட்டும் எழுதுகிறேன்.

பெரிதிலிருந்து வருகிறேன். ஒரு நாட்டை மொத்தமாக எண்ணினால் ஒரு பெரிய எண் கிடைக்கும். வேறு ஒன்றும் தெரியாது. அதனால் வெட்டுகிறோம். மாநிலம், அதற்குள் மண்டலம், மண்டலத்துக்குள் மாவட்டம், தாலுகா, கடைசியில் ஓர் ஆள் சில நாட்களில் நடந்து முடிக்கக்கூடிய ஒரு பிளாக். வெட்டுகிறவர் எங்கே கத்தி வைக்கிறார் என்பதைப் பொறுத்து எண்ணுக்குப் பொருள் மாறும். நம் மாவட்டத்தைக் கிழக்கே உள்ள வறண்ட மாவட்டங்களோடு ஒரே மண்டலமாகக் கட்டி வைத்திருக்கும் அட்டவணைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். குலசேகரத்தில் மழையால் ரப்பர் வெட்டுக்கே போக முடியாமல் ஆட்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கும் நாளில், ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டினால் குடை விரிக்க வேலை இராது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வரும் மழை எந்த ஊரிலும் பெய்யாத மழை. இது பற்றி மேலே ஏழு கடிதங்கள் எழுதினேன். இரண்டுக்குப் பதில் வந்தது. இரண்டிலும் 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று இருந்தது.

இப்படி மண்டலம் போட்டவர்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, என் கையால் போட்ட ஆகச் சிறிய எல்லையில் வழுக்கியது.

நாகர்கோவிலுக்கு மேற்கே ஒரு பேரூராட்சி. பெயர் வேண்டாம். அதைப் பிளாக்குகளாகப் பிரிக்கும் வேலை என்னிடம் வந்தது. நம் பக்கத்து ஊர்களைப் பிரிப்பது எவ்வளவு சிரமம் என்பது உங்களுக்கும் இனி தெரியவரும். வடக்கே இருக்கும் மாவட்டங்களில் ஊர் முடிந்தால் வயல், வயல் முடிந்தால் அடுத்த ஊர். இங்கே வீடு, தென்னை, வீடு, வாழை, வீடு, சிலுவை நட்ட குருசடி, வீடு, குளம், மறுபடியும் வீடு. நாலு வீடு சேர்ந்த இடத்துக்கு ஒரு 'விளை' பெயர் இருக்கும். எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று அங்கேயே பிறந்தவருக்கும் சொல்லத் தெரியாது. அதனால் நாங்கள் கண்ணுக்கு நிலையாகத் தெரிகிற எதையாவது எல்லையாகப் பிடித்துக்கொள்வோம். ரோடு, குளத்தங்கரை, அதை விட்டால் சானல். பாசனக் கால்வாயை நம் ஊரில் சானல் என்றே சொல்லி எல்லோருக்கும் பழக்கம்.

ஏழாம் பிளாக்குக்கு மேற்கு எல்லை: சானல். எட்டாம் பிளாக்குக்குக் கிழக்கு எல்லை: சானல். எழுதி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அன்றைக்கு மழை. செயற்கைக்கோள் படத்தின் பிரதியை மேசையில் விரித்துப் பென்சிலால் கோடு போட்டேன். படத்தில் சானலின் இரு பக்கமும் தென்னையின் தலைகள் மட்டுமே தெரிந்தன. நேரில் நடந்து பார்த்து எல்லை போட வேண்டும் என்பது விதி. மற்ற பதினான்கு பிளாக்குகளையும் நடந்து பார்த்துத்தான் போட்டேன். இந்த இரண்டை மட்டும் நடக்கவில்லை.

கணக்கெடுப்பு நடந்தது. ஏழுக்கு ஒரு பெண், எட்டுக்கு ஒரு பையன், இருவரும் நல்ல பிள்ளைகள். வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுத்து, சுவரில் சாக்குக்கட்டியால் எண் எழுதி, பதினொரு நாளில் முடித்துத் தந்தார்கள். பட்டியலை நான் மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். மூன்று முறையும் ஒரே விடை வந்தது. கூட்டல் சரியாக இருந்தால் எண்ணிக்கையும் சரி என்று நினைக்கும் வியாதி அப்போது எனக்கு இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிள்ளைகள் குறைந்த அங்கன்வாடிகளைப் பக்கத்து மையத்தோடு சேர்க்கப் போகிறார்கள். அந்த இரண்டு பிளாக்கும் சேர்ந்த பகுதியில் ஒரு மையம் இருந்தது. மூன்று வயதிலிருந்து ஆறு வயதுக்குள் இருபத்தொன்பது பிள்ளைகள் என்று அங்குள்ள ஆசிரியையின் பதிவேடு சொன்னது. எங்கள் பட்டியலில் எத்தனை என்று கேட்டிருந்தார்கள்.

எங்கள் பட்டியலில் பதினொன்று.

பதினெட்டு வித்தியாசம். நான் யோசிக்கவே இல்லை. 'பதிவேட்டில் உள்ள எண்ணிக்கை களக் கணக்கெடுப்போடு ஒத்துப்போகவில்லை. மிகைப்படுத்தப்பட்டதாகக் கருத இடமுண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 'கருத இடமுண்டு' என்ற சொற்களை எழுதியபோது எனக்கு ஒரு திருப்தி இருந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குற்றம் சாட்டியதாகவும் ஆகாது, சாட்டாததாகவும் ஆகாது. அலுவலகத் தமிழில் நான் கெட்டிக்காரன்.

அந்த வாக்கியம் பேரூராட்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் முட்டையாக மாறிவிட்டது. பதினெட்டுப் பிள்ளைகளின் பெயரைப் பொய்யாக எழுதி, அவர்களுக்கு வரும் சத்துணவு முட்டையை ஆசிரியை விற்கிறார் என்று ஊரில் பேச்சு. ஆசிரியைக்கு மெமோ போனது. பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். தவறினால் வேலை நீக்கம், மையம் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள மையத்தோடு இணைப்பு.

ஆசிரியையின் பெயரை ரோஸ்லின் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெமோ கிடைத்த ஒன்பதாம் நாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பதிவேட்டை மழைக்குப் பயந்து இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"சாரே, நீங்கதான் எண்ணினதா?"

"எண்ணியது எங்கள் ஆட்கள். என்ன வேண்டும்?"

"எந்த ஊர எண்ணினிய?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அம்மா, விளக்கம் இருந்தால் எழுத்தில் கொடுங்கள். உங்கள் அலுவலகத்தில் கொடுங்கள். இங்கே அல்ல."

"எழுதிக் குடுத்தா பிள்ளைய கூடுமா? குறையுமா?" பையிலிருந்து பதிவேட்டை எடுத்து என் மேசைமேல் வைத்தார். "இருவத்தொம்பது பேரு. தள்ளைக்க பேரு, தகப்பனுக்க பேரு, தடுப்பூசி போட்ட நாளு, தூக்கிப் பாத்த எட எல்லாம் இருக்கு. எந்தப் பிள்ளைக்கு என்ன தின்னா வயிறு எளகும்னுவரைக்கும் எனக்குத் தெரியும். இதுல எந்தப் பிள்ள பொய்யின்னு தொட்டுக் காட்டுங்க."

"பதிவேட்டில் யாரும் எதையும் எழுதலாம்."

சொல்லியிருக்கக் கூடாது. பக்கத்து மேசைகளில் நான்கு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். ரோஸ்லின் அழவில்லை. பதிவேட்டை மறுபடியும் முதல் பைக்குள்ளும், அதை இரண்டாம் பைக்குள்ளும் நிதானமாகப் போட்டார்.

"எனக்க மாப்பிள்ள மஸ்கட்டுல இருந்து போன் போட்டுக் கேக்காரு சாரே, 'ஏட்டி, முட்டைய வித்தியா'ன்னு. வெளையாட்டாத்தான் கேட்டாரு. ஆனா கேட்டுட்டாரு." வாசல்வரை போய்த் திரும்பினார். "ஒரு நாளு வந்து எண்ணுங்க. ஒங்களுக்கு எண்ணத்தான தெரியும், வேற என்ன தெரியும்?"

மூன்று நாள் அந்தக் கடைசி வாக்கியம் என்னை அரித்தது. நான்காம் நாள் போனேன். இரக்கத்தால் போனேன் என்று நினைக்காதீர்கள். கையும் களவுமாகப் பிடிக்கத்தான் போனேன். சொல்லாமல் போனேன். நடுக்காலையில், வருகிற பிள்ளைகள் எல்லாம் வந்து சேர்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன்.

ஓட்டுக் கட்டடம். ஒரே அறை. வாசலில் நின்று எண்ணினேன். இருபத்தேழு. மறுபடியும், இந்த முறை வலமிருந்து இடமாக. இருபத்தேழு.

"ரெண்டு பேரு வரல்ல," என்றார் ரோஸ்லின், நான் கேட்பதற்கு முன்பே. "ஒருத்திக்குக் காய்ச்சலு. ஒருத்தன் தள்ளைக்க கூட பாறசாலைக்குப் போயிருக்கான்."

அப்போதும் நான் இறங்கவில்லை. கடன் வாங்கிய பிள்ளைகளாக இருக்கலாம் என்று மனம் சொன்னது. என்னைப் போன்றவன் இன்று வருவான் என்று யாரோ சொல்லி, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கமிருந்து ஆள் சேர்த்திருக்கலாம். ஒரு சந்தேகம் எண்ணால் முறியவில்லை என்றால் அது சந்தேகம் அல்ல, கர்வம். இது இப்போது தெரிகிறது. அன்றைக்கு நான் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, வீடு எங்கே என்று கேட்டேன்.

"மக்கா, ஒனக்க வீடு எங்க?"

"அங்க."

"அங்கேன்னா?"

"சானல்கரையில."

அடுத்த பிள்ளையும் சானல்கரை. அதற்கடுத்ததும். பதினாறு பிள்ளைகள் அப்படிச் சொன்னார்கள். சானல் என் வரைபடத்தில் ஒரு கோடு. பதினாறு பேர் ஒரு கோட்டின் மேல் குடியிருக்க முடியாது.

பன்னிரண்டரை மணிக்குத் தாய்மார் வந்து பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். நான் பின்னாலேயே நடந்தேன். தார் ரோட்டிலிருந்து இறங்கும் ஒரு வண்டித்தடம், அதற்கு அந்தப் பக்கம் ஆளுயரத்துக்கு மண் மேடு, மேட்டின்மேல் தென்னை, தென்னைக்கு இடையில் வீடுகள். சில ஓட்டு வீடுகள், சில தகர வீடுகள், சிலவற்றுக்கு சிமெண்டு பூசாத செங்கல் சுவர். அவற்றுக்குப் பின்னால் தண்ணீர். தென்னையின் தலைகள் எல்லாவற்றையும் வானத்திலிருந்து மறைத்திருந்தன. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து எண்ணினேன். முப்பத்து நான்கு வீடுகள். ஒரு சுவரிலும் சாக்குக்கட்டி எண் இல்லை.

கடைசி வீட்டு வாசலில் ஒருவர் கொத்துக் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். கொத்தனார். என் கையிலிருந்த கோப்பைப் பார்த்துச் சிரித்தார்.

"சார் எண்ண வந்ததா, இல்ல வீட்ட எடுத்து மாத்த வந்ததா?"

"எண்ணத்தான். முன்னால் வந்த எங்கள் ஆட்கள் இங்கே வரவில்லையா?"

"வந்தாவளே. ஒரு பிள்ள கெழக்க இருந்து வந்து சானலுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, 'அண்ணே, பாலம் உண்டா'ன்னு கேட்டுது. இல்லன்னேன். போயிற்று. பொறவு ஒரு பய மேக்க இருந்து வந்தான். நல்ல வெயிலு. குடிக்க வெள்ளம் கேட்டான். எனக்க பெஞ்சாதி மோரு குடுத்தா. குடிச்சான்."

"அவன் எண்ணவில்லையா?"

"எண்ணல்ல. 'நீங்க எல்லையில இருக்கிய'ன்னான். நான் சொன்னேன், 'எல, நான் பட்டாளத்துல சேரவே இல்லியே'ன்னு."

நான் சிரிக்கவில்லை. திரும்பி வரும் வழியில் வண்டித்தடத்துக்கு மேற்கே இருந்த ஒரு வீட்டில் விசாரித்தேன். அந்த வீட்டுச் சுவரில் எங்கள் எண் இருந்தது. எங்கள் பையன் உங்களிடம் என்ன கேட்டான் என்றேன். "இதுக்கு அங்கோட்டு வீடு உண்டான்னு கேட்டான்" என்றார் அந்த வீட்டு அம்மா. என்ன சொன்னீர்கள் என்றேன். "இல்ல, அங்கோட்டு சானலுதான்னேன்."

"முப்பத்து நான்கு வீடு இருக்கிறதே அம்மா."

"அது சானல்கரைக்காரங்களுக்க வீடுல்லா? எங்க தெருவு இல்லல்லா?"

அவர் பொய் சொல்லவில்லை. தெருவில் உள்ளவர்கள் கரையில் உள்ளவர்களைத் தங்கள் ஊராக நினைப்பதில்லை. கேட்டால் அங்கே வீடு இல்லை என்றே சொல்வார்கள். இது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். இந்த ஊர்களுக்கு நடுவில்தான் வளர்ந்தேன். மழைக்கு அஞ்சாமல் அந்த இரண்டு பிளாக்கையும் நடந்திருந்தால், எல்லை போடும்போதே ஞாபகம் வந்திருக்கும். ஏழாம் பிளாக்கின் பெண்ணுக்குச் சானல் என்றால் தண்ணீர். எட்டாம் பிளாக்கின் பையனுக்குச் சானல் என்றால் கரையும் சேர்த்து. இருவரும் என் எழுத்தின்படி சரியாகத்தான் நடந்தார்கள். நடுவில் விழுந்தது முப்பத்து நான்கு வீடு; தள்ளியது என் பென்சில் கோடு.

மெமோவுக்குப் பதின்மூன்றாம் நாள் அது. நேராக என் மேலதிகாரியிடம் போனேன். அவர் கெட்டவர் அல்லர். எனக்குப் பல வித்தைகள் கற்றுத் தந்தவர். முழுவதும் கேட்டார்.

"ஓய், உக்காரும் முதல்ல. எல்லை உறுதி ஆயாச்சு. வரைபடம் மேலே போயாச்சு. இனி ஒரு பிளாக்கத் திறந்தா பதினாறையும் சரிபார்க்கச் சொல்லுவான். உமக்கு ஓய்வுக்கு எத்தன வருஷம்?"

"இரண்டு வருடம் ஏழு மாதம்."

"அப்பம் ஒண்ணு செய்யும். ஒரு அடிக்குறிப்பு போதும். 'இரு எண்ணிக்கைகளின் குறிப்பு நாள் வேறு, ஆதலால் வேறுபாடு.' அம்புட்டுதான். அந்தப் பொண்ணுக்கு வேல போகாது, உமக்கும் மெமோ வராது. யாருக்கும் நட்டம் இல்ல."

குறிப்பு நாள் என்பது உங்களுக்குத் தெரியும். எந்த நாளின் நிலவரத்தை எண்ணினோம் என்பது. இரண்டு கணக்குகள் ஒத்துப்போகாதபோது நம் தொழிலில் எல்லோரும் ஓடி ஒளியும் குடை அது. பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும். அதனால்தான் ஆபத்து.

மறுநாள் காலை அடிக்குறிப்பைத் தட்டச்சு செய்து, உறையில் போட்டு, பேருந்து ஏறினேன். குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்துக்குப் பத்து நிறுத்தம். மூன்றாவது நிறுத்தம்வரை நிம்மதியாகவே இருந்தேன். ரோஸ்லின் தப்பிவிட்டார். நானும் தப்பிவிட்டேன். நான்காவது நிறுத்தத்தில் வழக்கம்போல் கூட்டிப் பார்க்கத் தொடங்கினேன். இரண்டு கணக்குகளுக்கும் நடுவில் எழுபது நாள்கூட இல்லை. அந்த எழுபது நாளில் பதினெட்டுப் பிள்ளைகள் முளைத்தார்கள் என்கிறது என் அடிக்குறிப்பு. மூன்று வயதுப் பிள்ளைகள் எழுபது நாளில் முளைப்பதில்லை. குடிபெயர்ந்து வந்தார்கள் என்றால் முப்பத்து நான்கு வீடுகளும் வந்திருக்க வேண்டும். யாரும் இதைக் கூட்டிப் பார்க்கமாட்டார்கள். நான் பார்த்துவிட்டேனே.

இன்னொன்றும் இருந்தது. அடிக்குறிப்பு ரோஸ்லினை இந்த வருடம் காப்பாற்றும். பட்டியலில் பதினொன்று பதினொன்றாகவே இருக்கும். நான் ஓய்வு பெற்ற பிறகு மறுபடியும் மையங்களைச் சேர்க்கும் கடிதம் வரும். அப்போது என் நாற்காலியில் உங்களில் ஒருவர் இருப்பீர்கள்; பட்டியலைப் பார்ப்பீர்கள், 'கருத இடமுண்டு' என்று எழுதுவீர்கள். அந்த வாக்கியத்தை நான்தான் உங்களுக்கு முன்மாதிரியாகக் கோப்பில் விட்டு வைத்திருப்பேன்.

பேருந்து நின்றதும் இறங்கினேன். அலுவலகத்துக்கு எதிரே இருந்த நகல் எடுக்கும் கடையில் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, அங்கேயே நின்றுகொண்டு கையால் எழுதினேன். மூன்று வாக்கியங்கள். ஏழாம், எட்டாம் பிளாக்குகளின் எல்லையை நேரில் பார்க்காமல் நான் வரைந்தேன். அதனால் சானலின் மேற்குக் கரையில் உள்ள முப்பத்து நான்கு வீடுகள் எண்ணப்படவில்லை. ஆசிரியையின் பதிவேடு சரி, எங்கள் பட்டியல் தவறு.

திட்ட அலுவலர் அம்மா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், 'நான்'னு எழுதியிருக்கீங்க. 'அலுவலகக் கவனக்குறைவு'ன்னு எழுதலாமே?"

"அலுவலகம் வரையவில்லை. நான் வரைந்தேன்."

"இது கோப்புக்குப் போனா உங்க மேல நடவடிக்கை வரும்."

"வரும்."

என் குரல் அப்படி ஒன்றும் உறுதியாக இல்லை. மேசையில் மூன்று பேனாக்கள், ஒரு காலண்டர், இரண்டு பேப்பர் வெயிட் என்று எண்ணிக்கொண்டு நின்றேன். அவர் கடிதத்தில் முத்திரை குத்தினார்.

நடவடிக்கை வந்தது. மேலதிகாரி நாற்பது நாள் என்னோடு பேசவில்லை. பதினாறு பிளாக்குகளையும் மறுபடி நடந்து பார்க்கச் சொன்னார்கள். நானே நடந்தேன், மற்ற பதினான்கில் ஒரு வீடும் விட்டுப்போகவில்லை. எட்டாம் பிளாக்கின் கிழக்கு எல்லை இப்போது 'சானலின் மேற்குக் கரை உட்பட, நீர் தொடங்கும் விளிம்புவரை' என்று இருக்கிறது. கோப்பை எடுத்துப் பாருங்கள். நீங்களும் அப்படி எழுதுங்கள். ரோடு எல்லை என்றால் ரோட்டோரக் கடை யாருக்கு, குளம் எல்லை என்றால் குளக்கரைக் குடிசை யாருக்கு என்று எழுதாமல் பேனாவை மூடாதீர்கள். இரண்டு கணக்குகள் மோதினால், எதிரில் நிற்பவரின் நேர்மையைச் சந்தேகப்படுவதற்கு முன் உங்கள் எல்லையை ஒரு முறை நடந்து பாருங்கள். அதற்கு ஒரு காலை நேரம் போதும். எனக்குக் கடைசிவரை அந்தக் காலை கிடைக்காமல் போயிருக்கும், ரோஸ்லின் என்னைச் சீண்டாமல் இருந்திருந்தால்.

மெமோ ரத்தான பிறகு அவரைப் பார்க்கப் போனேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவர் பிள்ளைகளுக்கு உப்புமா பரிமாறிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"காயிதத்தத் திருத்திட்டிய சாரே. கொள்ளாம், நல்ல காரியம். ஊருல ஆளுவ எனக்க பையப் பாத்த பார்வைய எந்தக் காயிதத்துல திருத்துவிய? கடைக்குப் போனா, 'டீச்சரே, முட்டை என்ன வெல'ன்னு எனக்கிட்டயே கேட்டாவ."

உப்புமாக் கரண்டியை அடுத்த தட்டுக்கு நகர்த்தினார்.

"வெள்ளிக்கிழம தாய்மாருக்குக் கூட்டம் வச்சிருக்கு. வந்து ஒங்க வாயால சொல்லுங்க."

போனேன். தெருக்காரப் பெண்களும் கரைக்காரப் பெண்களும் அறையின் இரண்டு பக்கமும் தனித்தனியாக உட்கார்ந்திருந்தார்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரர்களும் சேர்த்து, தெருப்பக்கம் இருபத்திரண்டு, கரைப்பக்கம் இருபத்தாறு. நான் எழுந்து நின்றேன். கூட்டங்களில் பேசிப் பழக்கம் உள்ளவன். அன்று அலுவலகத் தமிழ் எதுவும் வரவில்லை.

"டீச்சரின் கணக்கு சரி," என்றேன். "நான்தான் தப்பாக எழுதினேன். ஒரு முட்டைகூட எங்கேயும் போகவில்லை. தப்பு என்னுடையது."

கரைப்பக்கத்திலிருந்து, வயிறு நிறைமாதமாக இருந்த ஒரு பெண் கை தூக்கினாள்.

"சாரே, இப்பம் எங்கள எண்ணியாச்சா?"

"ஆயிற்று அம்மா. ஒரு வீடு விடாமல்."

"அப்பம் இதையும் சேத்துக்கிடுங்க." வயிற்றைத் தட்டிக் காட்டினாள். "பொறவு இல்லன்னு சொல்லப்பிடாது."

"பிறந்த பிறகுதான் எழுத முடியும். அங்கன்வாடிக் கணக்கில் என்றால் மூன்று வயது ஆன பிறகு," என்றேன். விதி அதுதான்.

தெருப்பக்கத்திலிருந்து ஒருத்தி, "ஏட்டி, மூணு வருஷம் உள்ளேயே வச்சுக்கிடு, சாரு வந்து எண்ணட்டும்" என்றாள். முதலில் கரைப்பக்கம் சிரித்தது. பிறகு தெருப்பக்கம். ரோஸ்லின் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். தோள் குலுங்குவதைப் பார்த்து, அழுகிறாரோ என்று பயந்தேன். திரும்பியபோது அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, கூட்டத்துக்கு வந்தவர்களை எழுதும் வருகைப் பதிவேட்டை என் பக்கம் நீட்டி, "கையொப்பு போட்டுட்டுப் போங்க சாரே" என்றார்.